ரெண்டு கொட்டேஷன்

மேசையில் ரெண்டு கொட்டேஷன்.
ஒன்றின் மேல் டீ டம்ளர் வைத்த வட்டம்.
இன்னொன்றை மின்விசிறி தூக்கித் தூக்கிப் படிக்கிறது.

மில்லிங் எந்திரம் பதினெட்டு லட்சம்.
அடுப்பு தனி, கம்ப்ரசர் தனி, ஜி.எஸ்.டி. தனி.
பிரிண்டர் மூன்றே கால்,
கழுவும் தொட்டியும் ஒளிப்பெட்டியும் சேர்த்தே.
ஆனால் ரெசின் பாட்டில் ஒவ்வொன்றும்
இந்த மாடியின் பாதி வாடகை.

நாலு ரோட்டில், ரெண்டாம் மாடியில்,
நானும் ரஞ்சிதமும் பல் செய்கிறோம்.
கீழே பேக்கரி.
அங்கே விற்கிற தேங்காய் பன் எல்லாம்
என்றாவது ஒருநாள் நம் வேலையாகி மாடியேறும்
என்பாள் ரஞ்சிதம்.

அவளுக்கு மில்லிங்தான்.
"வெள்ளைக் கட்டியில வேண்டாததைக் குடைஞ்செடு,
மிச்சம் பல்லு.
கெட்டியானது எதுவும் குடைஞ்சாத்தான் கிடைக்கும்."
அவள் அப்பா வெள்ளைக்கல் குவாரியில் கம்ப்ரசர் ஓட்டியவர்.
கரட்டில் பாதியைக் குடைந்த பிறகும்
மிச்சத்தை யாரும் பல் என்று சொல்லவில்லையே என்றேன்.
அரை நாள் அவள் பேசவில்லை.

எனக்கு அந்தத் தூள்தான் பயம்.
வட்டுக்கு இருபது பல் எடுத்த பின்
எஞ்சி நிற்கும் சல்லடைக்கும்
காசு கொடுத்தது நாங்கள்தானே.
பிறகு அடுப்பில் எட்டு மணி நேரம்.
ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும் என்று
முன்னாலேயே பெரிதாகக் குடைய வேண்டும்.
என் கல்யாண ஜாக்கெட்டைத் தைத்தவள்
வேறு கணக்குப் போட்டாள்,
உள்ளே இரண்டு விரல் துணி விட்டு.

யோகானந்த், கோவைக் கம்பெனிப் பையன்,
மூன்று நாள் வைத்துப் பாருங்கள் மேடம் என்று
பிரிண்டரை இறக்கிவிட்டுப் போனான்.
ஆரஞ்சு மூடி, மீன்தொட்டி முனகல்.
தட்டு இறங்கும், ஏறும். இறங்கும், ஏறும்.
தடவைக்குத் தலைமுடியில் பாதி தடிமன்.
பல் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே வளர்ந்தது,
அயோத்தியாப்பட்டணத்துப் புளியமரத்தில் வௌவால் மாதிரி.
அறை முழுக்க நெயில்பாலிஷ் வாடை.
பேக்கரிக்காரர் மேலே வந்து
மோந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்.

ரெண்டாம் நாள் டாக்டர் வைஷ்ணவி கூப்பிட்டார்.
சங்ககிரி லாரி டிரைவர், அர்த்தநாரி.
ஜாக்கி நழுவி, கம்பி முகத்தில் அடித்து
முன்பல் நாலும் பாதியில் ஒடிந்திருக்கிறது.
நாளைக் காலை பத்தரைக்கு மகளுக்கு நிச்சயம்.
"தற்காலிகமா ஏதாவது செஞ்சு குடுங்க."

ஏழு மணிக்கு ஸ்கேன் வந்தது.
கோவையில் குடையக் கொடுத்தால்
ஃபைல் நொடியில் போகும்,
பல் பஸ்ஸில் வர ரெண்டு நாள்.
ஒன்பதுக்கு மீன்தொட்டி முனகத் தொடங்கியது.

விடிவதற்குள் ரஞ்சிதம்தான் வண்ணம் தீட்டினாள்,
பீடி குடித்த பக்கத்துப் பற்களோடு சேரும்படி
கொஞ்சம் மஞ்சள், ஓரத்தில் பழுப்பாய் ஒரு கோடு.
"ஏன் மில்லிங் கட்சி, கட்சி மாறிட்டியா" என்றேன்.
காதில் விழவில்லை.
நுனிநாக்கைக் கடித்தபடி தூரிகை பிடித்திருந்தாள்.

மதியம் படம் வந்தது.
சம்பந்தி கையில் தாம்பாளம்,
அர்த்தநாரியின் வாய் முழுக்க நாங்கள்.

யோகானந்த் பிரிண்டரை எடுத்துப் போகவில்லை,
முன்பணத்தை எடுத்துப் போனான்.

மூன்று வாரம் ஆயிற்று.
நிரந்தரப் பல் கட்ட அவர் வரவே இல்லை.
நீங்களே சொல்லுங்கள் என்று
டாக்டர் நம்பரைக் கொடுத்துவிட்டார்.
"இது தேஞ்சிரும் அண்ணா. ஆறு மாசம் தாங்கும், அவ்வளவுதான்."
தொப்பூரில் வண்டியை ஓரங்கட்டிப் பேசினார்.
பின்னால் யாரோ விடாமல் ஹாரன்.
"என் பின்டயரு மூணு தடவை ரீட்ரேட் பண்ணதும்மா.
மேல மேல ஒட்டித்தான் ஓடுது.
உள்கூடு நல்லா இருந்தாப் போதும்.
தேயட்டும், மறுபடி ஒட்டிக் குடுங்க."

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.
ரஞ்சிதம் கால்குலேட்டரிலிருந்து நிமிராமல்,
"கடைசில டயரை மாத்தித்தான் ஆகணும், கேளு அவரை."

கேட்கவில்லை.
மில்லிங் கொட்டேஷனை இன்னும் கிழிக்கவும் இல்லை.
டீ டம்ளரை இப்போது அதன்மேல் வைக்கிறோம்.